மான் ஏந்திய கையும் மீன் வாழும் கடலும்



உயிர்கள் எண்ணில்லாதன என்பது சைவசமயம் கூறும் உண்மை. அந்த உயிர்கள் எடுக்கும் உடம்புகளை மட்டும் நம் முன்னோர் எண்ணி வைத்தார்கள். எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதம் என்பது அக்கணக்கு. தேவர், ஊர்வன, தாவரம் ஆகியவற்றின் தொகையில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. ஆனால் பறவைக்குப் பத்து நூறாயிரம், நாற்கால் விலங்குக்குப் பத்து நூறாயிரம், நீர்வாழ்வனவற்றுக்குப் பத்து நூறாயிரம், மனிதருக்கு ஒன்பது நூறாயிரம் என்பதில் வேறுபாடில்லை. சைவசமய பாடப் பரீட்சைக்காக இதைச் சிறுவயதில் மனனஞ் செய்தோம். மனனஞ் செய்தோமேயன்றி, மீனுக்குப் பத்து வைத்தவன் மனிதனுக்கு ஒன்பது மட்டும் வைத்தது ஏன் என்று எவரும் ஆசிரியரிடம் கேட்டதாக நினைவில்லை.

இந்த உடம்புகள் எதற்காக? ஆணவ இருளிற் கிடக்கும் உயிர் மெல்ல மெல்ல அறிவு விளங்கப் பெறுதற்காகத் தனு, கரண, புவன, போகங்களை இறைவன் படைத்துக் கொடுத்தான் என்று சித்தாந்தம் சொல்லும். தனு என்பது உடம்பு, கரணம் கருவிகள், புவனம் வாழும் இடம், போகம் நுகர்பொருள். இந்நான்கும் மனிதருக்கு மட்டும் கொடுக்கப்பட்டவையல்ல. சாம்பல்தீவுக் களப்பிலே கண்டல் வேருக்குள் ஒளிந்திருக்கும் இறாற்குஞ்சுக்கும் தனு உண்டு, புவனம் உண்டு. அந்தச் சேறே அதற்குப் புவனம். மணிவாசகப் பெருமான் தாம் கடந்து வந்த பிறவிகளையெல்லாம் சிவபுராணத்திலே வரிசையாகச் சொல்லி இளைத்துப் போனதாகப் பாடுகின்றார். நாமும் அந்தப் படிகளில் ஏறியே இங்கு வந்து நிற்கின்றோம்.

ஒரு மீன் இறந்தால் அந்த உயிர் இன்னோர் உடம்பிற் போய்ச் சேரும். அதை மரணம் என்கின்றோம். ஆனால் ஒரு மீனினமே அற்றுப்போனால், பின்னால் ஏறி வரும் உயிர்களுக்கென இறைவன் வைத்த படியொன்றை நாம் பெயர்த்து எறிந்தவர்களாகின்றோம். இது எந்த நூலிலும் உள்ள வசனமன்று. அடியேனுடைய சிந்தனையில் தோன்றியது. தவறென்று கற்றவர்கள் கருதினால் திருத்தலாம். ஆயினும் ஏறி முடித்தவன் ஏணியின் கீழ்ப்படிகளை வெட்டி விறகாக்குவது எந்தச் சமயத்துக்கும் அடுத்த செயலன்று.

அப்படி வெட்டப்படுகின்றதா? 2019 ஆம் ஆண்டில் உலக நாடுகளின் விஞ்ஞானிகள் ஒன்றுகூடி வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பூமியிலுள்ள தாவர, விலங்கு இனங்களுள் ஏறக்குறைய 10 இலட்சம் அழிவை நோக்கிச் செல்கின்றன. நிலத்தையும் கடலையும் வேறு பயனுக்கு மாற்றுதல், அளவுக்கு மிஞ்சிப் பிடித்தலும் வெட்டுதலும், காலநிலை மாற்றம், மாசு, அந்நிய இனங்களின் பரவல் என ஐந்து காரணங்களை அவர்கள் கூறினார்கள். அவற்றுக்கும் பின்னால் நிற்பது மனிதனுடைய ஆசையும் அரசுகளின் கொள்கையும் என்றும் சொன்னார்கள். உலகக் கணக்கு நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். உப்புவெளிச் சந்தியில் ஏறினால் சிறிது நேரத்தில் கோணேசர் மலையடியில் இறங்கிவிடலாம். அங்கிருந்தே பார்ப்போம்.

பிரட்ரிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களை முதலில் வரவேற்பவை புள்ளிமான்கள். கோட்டைக்குள்ளும் கடற்கரை மைதானத்திலும் நகரத் தெருக்களிலும் கூட்டம் கூட்டமாக அவை திரிவதைப் பார்க்க வெளிநாட்டவரும் வருகின்றார்கள். சிவபெருமானுடைய திருக்கரத்திலே மான் இருப்பதை நாம் அறிவோம். தாருகாவனத்து முனிவர்கள் கொல்லும்படி ஏவிய மானைக் கொல்லாமல் கையில் ஏந்திக் கொண்டார் பெருமான். அந்த மானை ஏந்தியவரைத் தரிசித்துவிட்டு இறங்கும் நாம், பழமும் கற்பூரமும் கொண்டு போன பொலித்தீன் பையை மலையடியிலே போட்டுவிட்டு வருகின்றோம். பழவாடை ஒட்டிய பையை மான் மெல்லுகின்றது. மானுக்கு இரைப்பை நான்கு அறை கொண்டது. அசைபோடும் விலங்கு அது. பொலித்தீன் செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. உள்ளே உருண்டையாகத் திரண்டு, புல் தின்ன இடமில்லாமற் செய்து, வயிறு நிறைந்திருக்கவே பட்டினியாற் கொல்லும். இப்படி இறந்த மான்களின் செய்தி பத்திரிகைகளில் வந்திருக்கின்றது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டிலே பொலித்தீனைத் தின்று 2022 ஆம் ஆண்டின் தொடக்கம் வரையிலான எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் வரை மடிந்தன. எந்த ஆலயத்திற் பூசை தொடங்கினாலும் முதல் வணக்கம் ஆனைமுகத்தானுக்கு. அந்த முகத்தையுடைய விலங்கு குப்பையிலே உணவு தேடி விழுந்து கிடக்கின்றது.

சட்டம் இல்லாமலில்லை. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் 2007 இலேயே தடை செய்யப்பட்டது. 2017 செப்ரெம்பர் 1 முதல் சோற்றுப் பொதி கட்டும் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டிகளும் தடைசெய்யப்பட்டன. அதே அறிவித்தலில் சமய விழாக்களில் பொலித்தீன் அலங்காரம் செய்யக்கூடாது என்றும் உண்டு. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வீதி நெடுக மஞ்சளும் சிவப்புமாக நாம் கட்டும் பொலித்தீன் கொடிகள் சட்டப்படி குற்றம். தோரணத்துக்குத் தென்னங்குருத்தும் மாவிலையும் இருக்க இந்தக் கொடிகள் எப்போது நம் வீதிக்கு வந்தன என்று தெரியவில்லை. திருவிழாக் கச்சானைக் கடதாசிச் சரையில் சுற்றித் தந்த காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். சரை மழையில் கரைந்து போகும். இன்றைய பை மழை வெள்ளத்தோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலால் கடலுக்கும் போகின்றது. அங்கே ஆமை அதைச் சொறி என்று எண்ணி விழுங்குகின்றது. கூர்மாவதாரத்தைப் பாடிவிட்டு ஆமைக்கு நாம் ஊட்டும் நிவேதனம் இது.

இனிக் கடலுக்கு வருவோம். சொல்ல வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கின்றது.

ஞானசம்பந்தப் பெருமான் தென்னாட்டிலே நின்றபடி திருக்கோணமலையைப் பாடியபோது, முத்துக்களைக் கரையிலே கொண்டு வந்து கொழிக்கும் கடலோடு சேர்த்தே பாடினார். மலை வேறு, கடல் வேறு என்று அவர் பிரிக்கவில்லை. 17 ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தபோது தூண்களும் கற்களும் கடலிலே விழுந்தன. 1956 இல் மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க் முதலியோர் அங்கே மூழ்கியபோது அவை நீரின் அடியில் இருக்கக் கண்டார்கள். அங்கிருந்து எடுக்கப்பட்ட இலிங்கமும் உண்டு. மற்றத் தூண்கள் கிடக்குமிடம் மீன்களின் இருப்பிடமாகிவிட்டது. மனிதர் இடித்த கோயிலுக்குள் மீன்கள் குடிபுகுந்து வழிபாட்டைத் தொடர்கின்றன என்றே அடியேன் எண்ணிக் கொள்வதுண்டு.

நமக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலை இருக்கின்றது. மாடப்புறாக்கள் வாழ்வதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படையின் பீரங்கிச் சூட்டுப் பயிற்சிக்கு இலக்காக இருந்த தீவு அது. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அதைச் சுற்றியுள்ள முருகைக்கற் பாறையிலே ஏறக்குறைய 100 வகை முருகைகளும் 300 வகை மீன்களும் உள்ளன என்று ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். முருகைக்கல்லைக் கல் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஊசிமுனை போன்ற எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய ஊர். பெரும் உருண்டையாக வளரும் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். ஒரு பாறை நம் இடுப்பளவு உயர நூறு ஆண்டு வேண்டும். நம் பாட்டனுடைய பாட்டன் காலத்தில் தொடங்கிய கட்டடத்தின் மேல் ஒரு படகோட்டி நங்கூரத்தை எறிகின்றான், ஓர் உல்லாசப் பயணி படம் எடுப்பதற்காக ஏறி நிற்கின்றான். நொடியில் முறிகின்றது. உலகக் கடலடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த இடத்தையே முருகைகள் கொண்டுள்ளன. ஆயினும் கடல்வாழ் இனங்களில் நாலில் ஒரு பங்கு அவற்றை நம்பி வாழ்கின்றன.

அந்தச் சிற்றுயிர்களின் உடம்புக்குள் அவற்றுக்கு உணவூட்டும் பாசி வாழ்கின்றது. கடல்நீர் வழமையிலும் ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நின்றால் பாசி வெளியேற்றப்பட்டு முருகை வெளிறிப் போகும். சூடு தணியாவிட்டால் இறக்கும். 1998 இல் நாட்டின் தென், மேற்குக் கரைகளின் முருகைகளிற் பெரும்பகுதி இவ்வாறே அழிந்தது. அப்போது திருகோணமலைப் பகுதி பெருமளவு தப்பியது. தப்பியதனாலேயே இது நாட்டுக்கே வித்துக்களஞ்சியம் போன்றது. 2023 முதல் உலகக் கடல்கள் எங்கும் மீண்டும் அந்த வெளிறல் நோய் பரவியது. இதுவரை பதிவானவற்றுள் மிகப் பெரியது அது. இதனைத் தடுக்க உப்புவெளியால் முடியாது. நங்கூரத்தையும் காலையும் தடுக்க முடியும். காய்ச்சல்காரனை அடிக்காமலாவது இருக்கலாமல்லவா?

முருகைக்கல் நமக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு 2004 மார்கழியை நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று தென்கரையிலே நடந்ததை மட்டும் சொல்கின்றேன். ஹிக்கடுவையிலே முருகைப் பாறை காப்பாற்றப்பட்டிருந்தது. அங்கு அலை இரண்டு மூன்று மீற்றர் உயரமாக வந்து 50 மீற்றர் வரையிலேயே உள்ளே புகுந்தது. சில கிலோமீற்றர் வடக்கே பெரலியவிலே, சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் முருகைக்கல் அகழப்பட்டிருந்தது. அங்கு அலை 10 மீற்றர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உட்சென்றது. ஆயிரத்துக்கும் அதிகமானவர்களோடு ரயில் புரண்டது அங்கேதான். ஆய்ந்தவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் நாம் மோட்சார்ச்சனை செய்கின்றோம், செய்ய வேண்டும். ஆனால் ஊசிமுனை உயிர்கள் கட்டிய அணைக்கட்டை வெடி வைத்து உடைப்பவர்களைத் தெரிந்தும் தெரியாதவர்போல் இருக்கின்றோம்.

ஆம், வெடி. இதைப் பூசி மெழுக இயலாது. வெடிபொருளாலும் நஞ்சாலும் மீன்பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டப்படி குற்றம். ஆயினும் திருகோணமலைக் கடலிலே டைனமைற் ஓசை ஓய்ந்தபாடில்லை. வெடித்தவுடன் மீனின் உள்ளேயுள்ள காற்றுப்பை கிழிகின்றது. பெரும்பகுதி மீன் மிதக்காமல் அடியிலே போய்க் கிடந்து அழுகுகின்றது. அள்ளியது கொஞ்சம், கொன்றது அதிகம். குஞ்சும் முட்டையும் அவை ஒதுங்கும் முருகையும் ஒன்றாகப் போகின்றன. வெடி மீனைப் பெண்கள் நன்றாக அறிவார்கள்: தசை தளர்ந்திருக்கும், முள் உள்ளே நொறுங்கியிருக்கும், கண் சிவந்திருக்கும். மலிவாக வருகின்றதே என்று வாங்குகின்றோம். வெடி வைத்தவன் ஒருவன். அதை வாங்கிக் குழம்பு வைத்தவர்கள் ஊர் முழுவதும். வினையின் பங்கு வெடி வைத்தவனோடு நின்றுவிடும் என்று சித்தாந்தம் எங்கும் சொல்லவில்லை.

மீன்பிடித் தொழிலைப் பாவமென்று சொல்ல அடியேன் வரவில்லை. அது தவறான உபதேசம். வலைஞர் மகளாகப் பிறந்த உமையம்மையை மணம் முடிக்கச் சிவபெருமானே வலைஞராக வந்து சுறாவைப் பிடித்த திருவிளையாடலை நாம் கேட்டிருக்கின்றோம். அறுபத்துமூவருள் அதிபத்த நாயனார் நாகபட்டினத்து நுளைப்பாடியிலே பரதவர் தலைவராயிருந்தவர். ஆவணி ஆயிலியம் அவருடைய குருபூசை நாள். நாள்தோறும் கிடைக்கும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலே உயிரோடு விடுவது அவருடைய தொண்டு. பூவில்லை, தீபமில்லை, மந்திரமில்லை. ஒரு மீனை விடுவதே பூசை. பின்பு கடலில் மீன் வற்றியது. நாளொன்றுக்கு ஒரு மீனே அகப்பட்டது. வீட்டிலே பசி. அந்த ஒன்றையும் விட்டார். கடைசியில் பொன்னும் மணியும் இழைத்த மீனொன்று வலையில் வந்தது. ஊருக்கே சோறு போடக்கூடிய மீன். அதையும் விட்டார். இடபவாகனத்திலே பெருமான் தோன்றினார்.

இந்தச் சரித்திரத்தைப் பக்திக்கு உதாரணமாகவே பிரசங்கிகள் சொல்வார்கள். இன்றைக்கு வேறொன்றையும் காண வேண்டும். மீன் நிறைந்த காலத்தில் ஒன்றை விடுவது எளிது. மீன் அருகிய காலத்திலும் விட்டாரே, அதுதான் தொண்டு. கடலில் உள்ளதெல்லாம் என் வலைக்குரியது அன்று, என் வலைக்கு முன் ஒருவனுடைய பங்கு இருக்கின்றது என்பதை அவர் நாள்தோறும் தம் கைக்குச் சொல்லிக் கொண்டார். கண்ணிகள் நெருங்கிய தங்கூசி வலையும், ஒளி பாய்ச்சிக் கூட்டத்தோடு வளைக்கும் சுருக்குவலையும் அதற்கு நேர்மாறான பூசை. ஒன்றும் தப்பக்கூடாது என்பதே அவற்றின் மந்திரம். சூடையும் கீரியும் குஞ்சிலேயே போனால் பாரைக்கும் அறக்குளாவுக்கும் உணவேது? கரைவலை இழுக்கும் சம்மாட்டிமாரும் சிறுவள்ளக்காரரும் பாடு குறைந்துவிட்டது என்று சொல்லும்போது, கடலன்னை கைவிட்டாள் என்கின்றார்கள். அவள் கைவிடவில்லை.

நாம் வாயிலே வைக்காத கடலட்டைக்கும் இதே கதி. கடலடி மணலை உண்டு சுத்தமாக்கி வெளிவிடும் அந்த உயிரைக் கடலின் சுத்திகரிப்புத் தொழிலாளி என்று சொல்லலாம். தூர தேசத்துப் பந்திக்காக அது அள்ளப்பட்டு, சில வகைகள் அருகிப்போய், 2019 இல் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இனி ஒரு நியாயத்தையும் பேச வேண்டும். ஏழையின் வலையை மட்டும் குற்றஞ் சொல்லிவிட்டு எழுந்து போவது தர்மமாகாது. போர்க்காலத்தில் கடற்படையின் தடைகளாற் கடலுக்குப் போக முடியாமல் பட்டினி கிடந்தவர்கள் இந்தத் தொழிலாளர்கள். 2009 இன் பின் கடல் திறந்தது. அதே வேளையில் உல்லாச விடுதிகளும் கரைநெடுக எழுந்தன. பூங்கா எல்லைக்குள் வலை வீசத் தடை. சீட்டு வாங்கியவர் கூட்டமாக இறங்க அனுமதி. முருகையை மீனவன் மிதித்தாலும் முறியும், பயணி மிதித்தாலும் முறியும். தடை ஒருவனுக்கும் வருமானம் இன்னொருவனுக்கும் என்றால், காவல் என்ற சொல்லிலே மீனவனுக்கு எப்படி நம்பிக்கை வரும்? காடு விடயத்திலும் அதே. 1956 இல் நாட்டின் நிலப்பரப்பில் 44 வீதமாக இருந்த காடு 2010 இல் 30 வீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எஞ்சிய சிறு காடுகளைக் காத்து வந்த 2001 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, 2020 நவம்பரில் ஒரே கையெழுத்தில் இரத்துச் செய்யப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மறுபுறம் இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்துத் திரும்பிய கமக்காரர், தம் தகப்பன் உழுத காணி காடாக வர்த்தமானியில் ஏறியிருக்கக் கண்டு திகைத்த கதைகளும் நம் மாவட்டத்தில் உண்டு. பெருங்காடு கடதாசியால் அழிகின்றது. சிறுகாணியும் கடதாசியால் போகின்றது.

பழைய காலத்துக் கொள்கை எப்படியிருந்தது? குளக்கோட்டு மன்னன் கோணேசருக்குத் திருப்பணி செய்தான்; கந்தளாய்க் குளத்தையும் கட்டினான் என்பது நம் மரபு. அவனை மனுநீதி கண்ட சோழன் மரபினன் என்று கோணேசர் கல்வெட்டு கூறும். பசுக்கன்று ஒன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனுடைய வழி. அரசனுடைய தேர் தெருவில் ஓடும்போது சக்கரத்தில் அகப்படுவது எது என்று பார்க்கும் கடமை அரசனுக்கு உண்டு என்பதே அந்தக் கதை. இன்றைய தேர்கள் மிகப் பெரியவை. மகாவலி நதி மறிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வயல் கிடைத்தது, அது நன்மையே. ஆனால் அந்த வயல்கள் யானைகள் நடந்த வழியில் அமைந்தன. மலைநாட்டிலும் வயல்நாட்டிலும் இட்ட உரமும் மருந்தும் அந்த நதியோடு வந்து கொட்டியாரக் குடாவில் சேருகின்றன. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடுத்தார்கள், விளைச்சல் விழுந்தது, அந்த ஆண்டு முடியுமுன் தடையைக் கைவிட்டார்கள். நோக்கம் நல்லதாயிருந்தாலும் உழுகின்றவனைக் கேளாமற் செய்த கொள்கை நிற்காது. யானை-மனித மோதலில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 470 க்கும் மேற்பட்ட யானைகளும் 170 க்கும் மேற்பட்ட மனிதர்களும் நாட்டில் மாண்டனர். 2025 பெப்ரவரி 20 அன்று ஹபரணைக்கு அண்மையில் ரயில் மோதி 6 யானைகள் ஒன்றாக இறந்தன. திருகோணமலைக்குப் போய்வரும் நாமும் அந்தப் பக்கத்துப் பாதையில் உறங்கிக் கொண்டே பிரயாணம் செய்பவர்கள்தான்.

கொள்கை மாறாது என்று மனம் தளரவும் வேண்டாம். சம்பூர் மக்கள் 2006 இல் விரட்டப்பட்ட மண்ணிலே 500 மெகாவாற் அனல்மின் நிலையம் அமைக்க இரு நாடுகள் ஒப்பந்தம் செய்தன. நிலக்கரிச் சாம்பலும், கடலை உறிஞ்சிச் சூடாக்கித் திருப்பி விடும் நீரும் கொட்டியாரக் குடாவுக்கு என்ன செய்யும் என்று ஊர் மக்கள் கேட்டார்கள். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் சென்றது. 2016 செப்ரெம்பரில் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிடுவதாக நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் சூரியஒளி மின் நிலையத்துக்கு அடிக்கல் வைக்கப்பட்டது. அதற்கு எடுக்கும் நிலத்தைப் பற்றியும் ஊரார் விழிப்பாகவே இருக்க வேண்டும். சூரிய பகவான் பெயரைச் சொன்னாலும் காணி காணிதான்.

அரசு செய்வது ஒருபுறமிருக்க, கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். கொடி ஏறினால் நம் வீடுகளில் மச்சம் புழங்குவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, காவல் நிற்கவில்லை. ஆயினும் உப்புவெளியில் அந்நாட்களில் மீன்சட்டி அடுப்பேறாது. விஞ்ஞானிகள் மீன் இனப்பெருக்க காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று கேட்கின்றார்கள். ஓய்வு கொடுக்கத் தெரிந்த சனங்கள் நாம். விரதத்தைத் தட்டோடு நிறுத்தாமல் வலைவரை கொண்டுபோகலாமா என்று நம் கடற்றொழிலாளர் சங்கத்தவர்களும் ஆலய பரிபாலன சபையாரும் ஒரு மாலை வேளை வசந்த மண்டபத்திலே கூடிப் பேசலாம். குஞ்சு பிடிபடும் மாதம் எது, முருகைக்கு அருகே எவ்வளவு தூரம் வலையின்றி விடலாம் என்பதைக் கொழும்பிலிருந்து வருகின்ற உத்தியோகத்தரிலும் நம் தண்டல்மார் நன்கறிவார்கள். அவர்களே முடிவு செய்தால் அவர்களே காப்பார்கள். வெடி வைப்பவர்களின் பெயரைச் சொல்ல அஞ்சுவதை அடியேன் விளங்கிக் கொள்கின்றேன். வெடி மீனை வாங்காமல் விட யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

உபயகாரர்களுக்கு ஒரு விண்ணப்பம். அன்னதானத்தை வாழையிலையிலோ குளத்துத் தாமரை இலையிலோ இடுங்கள். தண்ணீர்ப் பந்தலிலே செம்பும் குவளையும் போதும். கழுவுவதற்கு நம் இளைஞர்கள் இருக்கின்றார்கள், அதுவும் சரியைத் தொண்டே. வீதி அலங்காரத்துக்குக் குருத்தோலை தருவதற்குத் தென்னந்தோட்டக்காரர் முன்வர வேண்டும். கச்சான் கடைக்காரருக்குப் பழைய பத்திரிகைக் கட்டை ஆலயமே கொடுத்துவிடலாம்.

தீர்த்தத் திருவிழாவன்று சுவாமி கடலுக்கு எழுந்தருளும்போது ஊர் முழுவதும் பின்னால் வருகின்றது. அஸ்திரதேவர் மூழ்கியெழும் அந்த நீர் அந்தக் கணத்திலே கங்கை. மாலைகளைக் கடலில் விடுபவர்கள் நைலோன் நூலையும் பிளாஸ்ரிக் சரிகையையும் கழற்றிவிட்டுப் பூவை மட்டும் விடுங்கள். கழற்றியவற்றைப் போடுவதற்கு இம்முறை கரையிலே நான்கு இடங்களில் பனையோலைக் கடகங்கள் வைத்தால் நல்லது. சுவாமி திரும்பிய பின்னர், ஈரவேட்டியோடு நிற்கும் இளைஞர்கள் அரைமணி நேரம் கரையில் நடந்து கிடப்பதைப் பொறுக்கிக் கடகத்தில் இட்டபின் மோரும் பானக்கமும் பருகலாம். கடகம் கொடுக்க விரும்புகின்றவர்கள் கொடியேற்றத்துக்கு முன்னரே ஆலயத்தில் தெரிவித்துக் கொள்ளுங்கள்.